தோள் கொடுத்தவன்

பேப்பரை நாலாக மடித்துப் பனியனுக்குள் செருகிக்கொண்டு அழகிரிசாமி மாடிப்படி ஏறினார். கீழே கூடத்தில் அவர் மனைவி ராமாமணியை பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். ஐஸ் கட்டி உருகி வடியும் தண்ணீரைப் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி துணியால் ஒற்றி வாளியில் பிழிந்துகொண்டிருந்தாள். மணி ஏழரை. இன்னும் கொஞ்ச நேரத்தில் சனம் வர ஆரம்பித்துவிடும்.

மாடியில் ஒற்றை அறை. கதவை இரண்டு முறை தட்டி, சற்று விட்டு இன்னொரு முறை தட்ட வேண்டும். ராமாமணி ஏற்படுத்திய வழக்கம் அது. சொந்த வீட்டுக் கதவைத் திருடன் மாதிரி தட்ட வேண்டியிருக்கிறதே என்று அவருக்குப் பதினெட்டு வருடத்து எரிச்சல். இன்றைக்கும் அப்படியேதான் தட்டினார்.

மங்களேஸ்வரி திறந்தாள். இருபத்தேழு வயது இருக்கும். ராமாமணியின் பழைய சுங்கடிச் சேலையை உடுத்தியிருந்தாள். இடது கண்ணுக்குக் கீழே கன்றியிருந்த இடம் இப்போது மஞ்சளாக மாறியிருந்தது. இரவெல்லாம் அழுதிருக்கிறாள்.

"உம் புருசன் பேப்பர் படிப்பானா?" என்றார்.

"எழுத்துக்கூட்டிப் படிப்பாருங்க. பேக்டரி கேன்டீனுக்கு பேப்பர் வருங்க. ஏனுங்கய்யா?"

அவர் பேப்பரை விரித்துக் காட்டினார். கால் பக்க விளம்பரம். ஏதோ அரசாங்க விழாவில் எடுத்த படத்தில் ராமாமணி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். 'டாக்டர் ராமாமணி இயற்கை எய்தினார்.' அதற்குக் கீழே வீட்டு எண், தெருப் பெயர், 'பீளமேடு, பெரிய தண்ணீர்த் தொட்டி எதிரில்' என்று அடையாளம்.

ராமாமணி டாக்டர் இல்லை. சென்னையில் மனோதத்துவம் படித்தவள். "ஊசி போடற டாக்டர் இல்லீங்க நானு" என்று ஆயுசு முழுக்க ஒவ்வொருவரிடமும் திருத்திக்கொண்டிருந்தாள். எழுபதுகளில் சிலோனிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்களை வால்பாறையிலும் மில் லைன் வீடுகளிலும் குடியமர்த்தியபோது, அவர்களுக்கு ஆலோசனை சொல்ல ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தாள். பேச்சு நின்றுபோன குழந்தைகள், தூக்கம் வராத ஆண்கள் என்று ஆரம்பித்த வேலை. எல்லோரும் போன பிறகு பெண்கள் தனியாக வந்து ரவிக்கைக் கையை ஏற்றிக் காட்டினார்கள். "ஆம்பளைங்க கப்பல் ஏறுனதப் பத்திப் பேசறாங்க. பொம்பளைங்க நேத்து ராத்திரியப் பத்திப் பேசறாங்க" என்று ஒரு முறை சொன்னாள். தன் வேலையைப் பற்றி அவரிடம் அவள் சொன்ன இரண்டு மூன்று வார்த்தைகளில் அது ஒன்று. மற்றபடி அவள் எதையும் சொன்னதில்லை. மாடியில் யார் இருக்கிறார்கள், ஏன் வந்தார்கள், எப்போது போவார்கள் என்று கேட்டால், "உங்களுக்குத் தெரியாம இருக்கறது நல்லதுங்க" என்பாள். கட்டிய புருஷனை நம்பவில்லை என்றுதான் அவர் அதை எடுத்துக்கொண்டார்.

அவளுடைய கார்டில் காந்திபுரத்து ஆபீஸ் முகவரி மட்டும்தான் இருக்கும். வீடு எங்கே என்று, மாடிக்குத் தப்பி வந்த பெண்களின் புருஷன் ஒருத்தனுக்கும் தெரியாது. பதினெட்டு வருடம் கட்டிக் காத்ததை அவளுடைய தம்பி நரசிம்மலு, அக்காவுக்கு மரியாதை செய்வதாக நினைத்து, நேற்றுச் சாயங்காலம் பேப்பர் ஆபீஸ் கவுண்டரில் நின்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

"திங்கக்கெழமதானே நீ உடுமலைப்பேட்டை போகோணும்?"

"ஆமாங்க. அந்தப் பக்கம் ஒரு மில்லுல சேத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்களாம். ஆஸ்டல்லயே தங்கிக்கலாமாம். அம்மா லெட்டர் வாங்கி வெச்சிருக்காங்க."

இன்று வியாழக்கிழமை. நாலு நாள்.

"அது வரைக்கும் கீழ எறங்கக் கூடாது. சன்னல் கிட்ட நிக்கக் கூடாது."

"ஒருக்கா மொகம் பாத்துட்டு வந்துடறேனுங்களே."

"வேண்டாம்."

அவள் தலையை ஆட்டினாள். போகத் திரும்பியவர் நின்றார். "ஆள் எப்படி இருப்பான்?"

"ஒல்லியா இருப்பாருங்க. தேயிலத் தூசியில இருந்து இருந்து எப்பவும் ஒரு இருமலு. வலது கையில சுண்டுவெரலு பாதிதாங்க இருக்கும். ரோலர்ல மாட்டிக்கிச்சு. அதுக்கு முந்தி இப்படி இல்லீங்க அவரு. அந்த வெரலு போனதுக்கு அப்பறம்தாங்க…" அவள் குரலில் புகார் இல்லை. பரிதாபம் இருந்தது. அது அவருக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

"இதுக்கு முந்தி எத்தன தடவ இங்க வந்திருக்க?"

"மூணுங்க."

"மூணு தடவயும் நீயா திரும்பிப் போயிட்ட."

இதையே அவர் ராமாமணியிடமும் கேட்டிருக்கிறார். வர்றதெல்லாம் திரும்பி அங்கயேதான் போகுது, உனக்குச் சலிக்கலையா என்று. "சலிக்குது" என்றாள் அவள். சொல்லிவிட்டுக் காபிக்குச் சர்க்கரை போட்டுக் கலக்கினாள். அவ்வளவுதான்.

கீழே பந்தல்காரர்கள் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தார்கள். நரசிம்மலு வெள்ளை வேட்டியில் கேட்டருகே நின்று ஏவிக்கொண்டிருந்தான். கணபதியில் மோட்டார் பம்ப் கம்பெனி வைத்திருக்கிறவன். எங்கே நின்றாலும் ஏவத்தான் தெரியும்.

"நரசிம்மலு, கேட்டச் சாத்தி வெய்யி. ஆள் பாத்து உள்ள உடலாம்."

"எளவு ஊட்டுக் கேட்ட யாராச்சும் சாத்துவாங்களா பாவா?" என்றான் நரசிம்மலு. தெலுங்கு பேசும் வீடு. அக்கா புருஷன் பாவாதான். "பகையாளி வந்தாலும் வாசல மறிக்கக் கூடாது. நீங்க போயி உக்காருங்க, நான் பாத்துக்கறேன்."

"அட்ரஸ் எதுக்குப் போட்ட?"

"அட்ரஸ் இல்லாம சனம் எங்க வரும்? என்ன பாவா, கால் பக்கம் குடுத்திருக்கேன். டாக்டர்னு கொட்டை எழுத்துல போடச் சொன்னேன்."

அவர் வாசலில் போட்டிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். வருகிற ஆண்கள் வரிசையாக வந்து அவர் கையைத் தொட்டுவிட்டு நாற்காலிகளில் அமர்ந்தார்கள். வாய் திறந்து ஆறுதல் சொல்கிற வழக்கம் இங்கே இல்லை. கையைத் தொட்டால் துக்கம் விசாரித்ததாகிவிடும்.

அப்புறம் பேச்சு அதுபாட்டுக்கு நடந்தது.

"பஸ்லயே சாஞ்சிட்டாங்களாமா?"

"ஆமாங்க. காந்திபுரம் டவுன் பஸ்ஸு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. கொழந்த குட்டி இல்லீங்களே, கொள்ளி இவருதான் வெக்கோணும்."

"எங்க சம்பந்திக்குக் கூடத் தலைக்குள்ள ஏதோ ஓடற மாதிரி இருக்குன்னாரு. அம்மாகிட்ட ஒருக்காக் கூட்டியாரலாம்னு இருந்தனுங்க."

"உங்க சம்பந்தி தலைக்குள்ள என்னத்த ஓடும்? அதான் சந்தேகமா இருக்குது."

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். பின்வரிசையில் ஒரு குரல் தணிந்து சொன்னது: "படிச்சவங்கதான். ஆனா அடுத்தவன் குடும்பத்தப் பிரிச்சு உட்டது ஒரு பொழப்புங்களா? அதான் வவுத்துல ஒண்ணு தங்கல." அழகிரிசாமி திரும்பிப் பார்க்கவில்லை. கோபத்தில் இதே வார்த்தையை ஒரு முறை அவரே அவளிடம் சொல்லியிருக்கிறார்.

பன்னிரண்டு மணி சுமாருக்குப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கேட்டில் வந்து நின்றார்கள். தோட்டத்து லைன்களிலும் மில் லைன்களிலும் இருப்பவர்கள். பேப்பரைப் பார்த்துவிட்டு ஒருத்திக்கொருத்தி சொல்லி பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, உள்ளே போகலாமா என்று தெரியாமல் நின்றவர்களை நரசிம்மலுவின் மனைவி வெங்கடலட்சுமி பார்த்தாள். "செருப்ப வெளியவே உட்டுட்டு வாங்க" என்றாள் சுருக்கென்று.

உள்ளே போனவர்கள் ராமாமணியின் காலடியில் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி கழுத்தில் ஒருத்தி கை போட்டு, தலைகளை ஒன்றாகக் கவிழ்த்துக்கொண்டு ஒப்பாரி எடுத்தார்கள். அதுவரைக்கும் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டு அழுதிருக்கவில்லை. சொந்தக்காரப் பெண்கள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு திகைத்துப் பார்த்தார்கள். அழகிரிசாமி எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

இரண்டு மணிக்கு வெங்கடலட்சுமி அவர் பின்னால் வந்து குனிந்தாள். "அண்ணா, மாடியில இருந்த பொண்ணு கீழ வந்துட்டா."

"யார் உட்டது?"

"நாந்தான். மொகம் பாக்கோணும்னு படிக்கட்டுல உக்காந்து அழுகறா. நான் என்ன பண்றது? அந்தப் பொம்பளைங்களோட உக்கார வெச்சிருக்கேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது யாரோ அவர் கையைத் தொட்டார்கள். பழக்கத்தில் கையை நீட்டிவிட்டார். சில்லிட்ட கை. சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் மொட்டையாக ஒரு முனை அவர் உள்ளங்கையில் அழுத்தியது.

நிமிர்ந்து பார்த்தார். தேய்த்த சட்டை. சவரம் செய்த முகம். கையில் பேப்பரில் சுற்றிய செவ்வந்தி மாலை. அடிக்கிறவன் எப்படி இருப்பான் என்று அவர் மனதில் ஒரு உருவம் இத்தனை வருடமாக இருந்தது. இவன் அப்படி இல்லை. ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்கிறவன் மாதிரி இருந்தான்.

"நஞ்சுண்டனுங்க. வால்பாறைங்க" என்றான். இரண்டு முறை இருமினான். "அம்மா தங்கமானவங்க. என்னையும் எதுத்தாப்புல உக்கார வெச்சுப் பேசியிருக்காங்க. ஒரு நாளும் வஞ்சதில்லீங்க. மொகம் பாத்துக்கட்டுங்களா?"

கேட்டருகே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். செம்மண் அப்பிய ரப்பர் செருப்பு. ஒன்றில் வார் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. அழகிரிசாமி அவன் பின்னாலேயே போனார். இந்த வீட்டுக்குள் இவனைப் போன்றவன் ஒருத்தனும் வந்துவிடக் கூடாது என்றுதான் அவள் அத்தனை ஜாக்கிரதையாக இருந்தாள். இன்றைக்கு அவள் படுத்திருக்க, அவன் வாசல் வழியாக மாலையோடு போகிறான்.

கூடத்தில் முதுகுகள் மட்டும் தெரிந்தன. தலையெல்லாம் முந்தானைக்குள். அந்த வட்டத்தில் இப்போது ஒரு பட்டுச் சேலை முதுகும் இருந்தது. லைன் பெண்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, சுங்கடிச் சேலைக்காரி ஒருத்தியின் கழுத்தைக் கையால் வளைத்துத் தன் தோளுக்குள் அழுத்திப் பிடித்திருந்தாள் வெங்கடலட்சுமி. நஞ்சுண்டன் மாலையைப் போட்டான். நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தான். எழுந்தவன் நகராமல் நின்று, ஒவ்வொரு முதுகாகப் பார்த்தான். ஒப்பாரி ஒரு கட்டை ஏறியது. அவன் ஒரு எட்டு முன்னால் வைத்தான்.

வட்டத்திலிருந்து ஒரு கிழவி மட்டும் தலையைத் தூக்கினாள். "பொம்பளைங்க மாரடிக்கிற எடத்துல ஆம்பளைக்கு என்னய்யா வேல? மொகம் பாத்துட்டயில்ல, வெளிய போ."

அவன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். ஆனால் போகவில்லை. கேட்டுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"பஸ்ஸுக்கு நேரமாகலையா?" என்றார் அழகிரிசாமி.

"எடுத்ததுக்கு அப்பறமே போறேனுங்க."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் பிணத்தை எடுத்துவிடுவார்கள். ஆண்கள் அத்தனை பேரும் மயானத்துக்குப் போய்விடுவார்கள். வீட்டில் பெண்கள் மட்டும்தான். வாசல் திறந்திருக்கும். இவன் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பான்.

பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை நரசிம்மலு கொண்டுவந்து போர்த்தினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேன் வந்துடுச்சு. தூக்கலாங்களா பாவா?" என்றான்.

"வேன் வேண்டாம். தோள்ல கொண்டு போலாம்."

"என்ன பேசறீங்க? முக்கால் மைலுங்க. வேனுக்குச் சொல்லி, பூவெல்லாம் சுத்தி நிக்குது…"

"என்ற பொண்டாட்டி. நான் சொல்றேன். தோள்லதான் போகோணும்." நரசிம்மலு அவரை விசித்திரமாகப் பார்த்தான். அவர் கேட்டுப் பக்கம் திரும்பினார். "நஞ்சுண்டா, வாப்பா. கால்மாட்டுப் பக்கம் தோள் குடு."

பங்காளிகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "அது யாருங்க?" என்று ஒருவர் கேட்டார். நஞ்சுண்டன் எழுந்து நின்றான். அவன் கண் ஒரு கணம் கூடத்துப் பக்கம் போய்த் திரும்பியது. ஆனால் தோள் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. சட்டையைக் கழற்றி இடுப்பில் சுற்றி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு வந்தான்.

கொள்ளிச் சட்டியோடு அழகிரிசாமி முன்னால் நடந்தார். சட்டி பிடிக்கிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னால் அவன் வருகிறானா, பாதியில் தோள் மாற்றிக்கொண்டு நழுவிவிட்டானா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. முப்பது வருடம் மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தவர். கூடம் முழுக்க இயந்திரம் இரையும்போது எந்த நூற்புக் கதிர் கோளாறாக ஓடுகிறது என்று காதாலேயே கண்டுபிடிப்பார். பறைச் சத்தத்துக்கு நடுவே அந்த வறட்டு இருமலைத் தேடிக்கொண்டு நடந்தார். தண்ணீர்த் தொட்டி தாண்டியதும் ஒரு முறை கேட்டது. மாவு மில் முனையில் கேட்டது. அப்புறம் வெகு நேரம் கேட்கவே இல்லை. அவர் நடையைத் தளர்த்தினார். ரயில்வே கேட்டில் நின்றபோது மறுபடி கேட்டது, நெருக்கமாக.

தன் மனைவியை அவன் சுமந்துகொண்டு வருகிறான், அவன் இருமவேண்டும் என்று தான் வேண்டிக்கொண்டு நடக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்குக் காறித் துப்பவேண்டும்போல இருந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

சிதை நன்றாகப் பற்றிக்கொண்ட பிறகு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார். நஞ்சுண்டன் வந்து கொஞ்சம் தள்ளிக் குத்துக்காலிட்டான். அவன் தோள் கன்றிச் சிவந்திருந்தது.

"ஐயா, அவ எங்க இருக்கான்னு அம்மா உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா?"

"யாரு?"

"எம் பொண்டாட்டிங்க. மங்களேஸ்வரி."

அழகிரிசாமி நெருப்பைப் பார்த்தார். "எங்கிட்ட அவ எதையும் சொன்னதில்லப்பா" என்றார். பொய் சொல்லத் தயாராகத்தான் வந்திருந்தார். சொல்ல வேண்டிவரவில்லை.

நஞ்சுண்டன் தலையை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. நடிப்பா என்று உற்றுப் பார்த்தார். நடிப்பு மாதிரித் தெரியவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

நரசிம்மலுவின் டிரைவர் ராமுலுவைக் கூப்பிட்டு, இவனைக் கம்பெனி வேனில் ஏற்றிக்கொண்டு போய் பொள்ளாச்சி பஸ்ஸில் உட்கார வைத்துவிட்டு வரச் சொன்னார். "செருப்பு ஊட்டு வாசல்லயே கெடக்குதுங்க" என்றான் நஞ்சுண்டன்.

"ராமுலு, வழியில ஒண்ணு வாங்கிக் குடுத்துரு."

"வேண்டாமுங்க. அப்பறமா வந்து எடுத்துக்கறேனுங்க" என்று கும்பிட்டுவிட்டு வேனில் ஏறினான்.

வீடு திரும்பியபோது மணி ஐந்தரை. கழுவிவிட்ட தரை ஈரமாக இருந்தது. பெஞ்சு கிடந்த இடத்தில் விளக்கு எரிந்தது. லைன் பெண்கள் பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தார்கள். வெங்கடலட்சுமி சோபாவில் சாய்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். பட்டுச் சேலையின் தோள்பட்டையில் ஈரம் காய்ந்து வெள்ளை பூத்திருந்தது.

மங்களேஸ்வரி படிக்கட்டில் நின்றிருந்தாள்.

"சன்னல்ல இருந்து பாத்தனுங்க" என்றாள். "வெறுங்கால்ல தூக்கிட்டுப் போனாரு. மயானம் வரைக்கும் தோளு மாத்தாமலே தூக்கினாருங்களா?"

"ம்."

"அழுதாருங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "பொகை பட்டிருக்கும்" என்றார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. காலையிலிருந்து அவள் முகத்தில் அவர் பார்க்காத ஒரு சாயல் வந்தது. இந்த முகத்தை எத்தனை முறை ராமாமணி எதிரில் உட்கார்ந்து பார்த்திருப்பாள் என்று தோன்றியது. ராமாமணியாக இருந்தால் போகாதே என்று சொல்லமாட்டாள். வேறு ஏதோ கேட்பாள். மாடியிலிருந்து அவள் குரல் கேட்டிருக்கிறதே தவிர, என்ன கேட்பாள் என்று அவர் நின்று கேட்டதில்லை.

"திங்கக்கெழம காலைல எத்தன மணி பஸ்ஸு?" என்றார் கடைசியில்.

"ஆறேகாலுங்க."

"நான் வாரேன் கூட."

"சரீங்க" என்றாள். சொன்னது அவருக்குக் கேட்டது. சரி என்பதாகக் கேட்கவில்லை.

"பாவா, இனிக் கேட்டச் சாத்திக்கலாமுங்க" என்று உள்ளேயிருந்து நரசிம்மலு குரல் கொடுத்தான்.

அவர் வாசலுக்குப் போனார். பந்தலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டை இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாளில் கை வைத்தார். அந்தச் செருப்பை எடுத்து வெளியே எறிந்துவிட வேண்டும் என்று குனிந்து தேடினார். கழற்றிவிட்ட இடத்தில் அது இல்லை.

குழாயடிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தது, ஜோடியாக. செம்மண் முழுக்கப் போகத் தேய்த்துக் கழுவியிருந்தது. அடியிலிருந்து இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அறுந்திருந்த வாரில் புதிதாக ஒரு ஊக்கு குத்தியிருந்தது.